கத்தியைக் கீழே வைத்த பிறகு

(அறுவை மருத்துவ முதுநிலை மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கட்டிலிலிருந்து தொடங்குகிறேன். 1995ஆம் ஆண்டு. நான் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் அறுவை வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். டெல்டா பக்கத்து விவசாயி. அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. தலையணையை மடியில் வைத்து, அதைக் கட்டிக்கொண்டு, முன்பக்கம் குனிந்து இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். நிமிர்ந்தால் முதுகைத் துளைக்கும் வலி. கணையப் புற்று வந்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்பதை நான் புத்தகத்தில் படித்து, தேர்விலும் எழுதியிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவரைத் தியேட்டருக்கு எடுத்தோம். வயிற்றைத் திறந்ததும் எங்கள் யூனிட் சீஃப் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். கட்டி பெரிய இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பிடித்திருந்தது. ஈரலிலும் முடிச்சுகள். அரை நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, "மூடிடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். நான் மூடினேன். தையல் அழகாக அமைந்தது என்று எனக்கு அன்று பெருமைகூட இருந்தது.

மறுநாளிலிருந்து ரவுண்ட்ஸ் அந்தக் கட்டிலுக்கு முந்திய கட்டிலோடு திரும்பியது. யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை, அதுவாகவே திரும்பியது. மூன்றாம் நாள் இரவு நான் டிரெஸ்ஸிங் பார்க்கப் போனபோது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, பெரிய டாக்டரு நம்ம கட்டிலத் தாண்டித் தாண்டிப் போறாரே, நான் ஏதும் மரியாதக் கொறவாப் பேசிட்டனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு கையால் முடிச்சுப் போடத் தெரியும். குடலை இரண்டு அடுக்காகத் தைக்கத் தெரியும். இந்தக் கேள்விக்கு முன்னால் என் நாக்கை எங்கே வைப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவருடைய கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். வலிக்கென்று ஒரே ஒரு வரி: ஃபோர்ட்வின் ஊசி, எஸ்.ஓ.எஸ். வேண்டுமானால் போடு என்று பொருள். யாருக்கு வேண்டுமானால்? அவர் கேட்டால். அவர் கேட்கிற மனிதர் இல்லை.

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அறுவை மருத்துவர்களுக்கு வலி நிவாரணத்திலும் ஆதரவு சிகிச்சையிலும் பயிற்சி தருவது. முடிச்சுப் போடக் கற்றுத்தருவது போலவே, அதே கண்டிப்போடும் அதே எண்ணிக்கையிலும், கத்தியைக் கீழே வைத்த பிறகு செய்ய வேண்டியதையும் கற்றுத்தர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

"திறந்து பாத்துட்டு மூடிட்டாங்களாம்." இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. சொல்லும்போதே குரல் தாழும். கேட்பவர்கள் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். மருத்துவர்களாகிய நாமும் அதைத்தான் நம்புகிறோம்: மூடினால் நம் வேலை முடிந்தது.

ஆனால் நான் அந்தப் பெரியவரின் வயிற்றை மூடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1993இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து கீத் லிலமோவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். கணையப் புற்றை அகற்ற முடியாது என்று மேசையிலேயே தெரிந்த 137 நோயாளிகள். வயிற்றின் மேற்பகுதியில், பெருந்தமனியை ஒட்டி, கணையத்தின் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகள் பின்னிக்கிடக்கும் இடம் ஒன்று உண்டு. சீலியாக் பின்னல் என்போம். ஒரு பாதிப் பேருக்கு அந்த இடத்தில் இரண்டு பக்கமும் 20 மில்லி லிட்டர், பாதிக்குப் பாதி நீர் கலந்த ஆல்கஹாலைச் செலுத்தினார்கள். மறு பாதிக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னால் வலியை அளந்தவர்களுக்கும் தெரியாது. இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதம், எப்போது அளந்தாலும் ஆல்கஹால் பெற்றவர்களின் வலி தெளிவாகக் குறைவு. வலியே இல்லாமல் வந்தவர்களுக்கும் அது வருவது தள்ளிப்போனது.

எண்ணிப் பாருங்கள். வயிறு திறந்திருக்கிறது. அந்த இடம் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தேவைப்படுவது ஒரு நீண்ட ஊசி, ஒரு சிரிஞ்சு, தியேட்டர் அலமாரியில் கிடைக்கும் ஆல்கஹால், ஐந்து நிமிடம். என் பெரியவர் குனிந்து உட்காராமல் படுத்துத் தூங்கியிருக்கலாம். அந்தக் கட்டுரை எங்கள் நூலகத்துக்கு வந்ததோ என்னவோ, நாங்கள் படிக்கவில்லை. அந்த ஐந்து நிமிடக் கடனை நான் இன்னும் அடைக்கவில்லை. இப்படிப் பேசப் போகும்போதெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் போகிறேன்.

எங்கள் துறையின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்று வந்த இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி அகற்றி, நோயாளியைப் பிழைக்கவைத்தார். உலகின் முதல் வெற்றி. அறுவை மாணவர் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயர் மனப்பாடம். அந்தப் பெண்மணி தெரெசா ஹெல்லர் நான்கு மாதத்துக்குள் இறந்துபோனார், புற்று ஈரலுக்குப் பரவியதால். அந்தக் கடைசி வாரங்களில் அவர் எப்படி இருந்தார், வலித்ததா, யார் பக்கத்தில் இருந்தார்கள்? நான் படித்த பாடநூல் எதுவும் இதைச் சொல்லவில்லை. எப்படி வெட்டினார், எப்படித் தைத்தார் என்பது மட்டும் படத்தோடு இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் பில்ரோத்தின் உதவியாளர் அன்டன் வூல்ஃப்லர் இன்னொரு நோயாளியின் வயிற்றைத் திறந்தார். இரைப்பையின் வாயை அடைத்திருந்த புற்றை எடுக்க வழியில்லை. அவர் மூடிவிடவில்லை. இரைப்பையையும் சிறுகுடலையும் நேரடியாக இணைத்து உணவுக்கு மாற்றுப் பாதை போட்டார். புற்று அங்கேயே இருந்தது. ஆனால் மனிதர் சாப்பிட முடிந்தது. இன்றும் நாம் செய்யும் காஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி பிறந்தது அப்படித்தான். மேசையருகில் நின்றபடி "இனி இவருக்கு எது உதவும்?" என்று கேள்வியை மாற்றிக் கேட்ட ஒருவரால்தான் அது பிறந்தது. எடுக்கும் அறுவையும் தணிக்கும் அறுவையும் ஒரே ஆண்டில், ஒரே பள்ளியில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். நாம் ஒன்றை மட்டும் வளர்த்தோம்.

வலியைக் கைவிட்டது எப்போது? எனக்கு ஒரு எண்ணம் உண்டு. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் என்ற அறுவை மருத்துவர் வலியில்லாமல் ஒரு கட்டியை அறுத்தார். அதற்கு முன்பு நோயாளி அலற அலற வெட்டியவர்கள் நம் முன்னோர். வலியோடு முகத்துக்கு முகம் நின்றவர்கள். ஈதர் வந்த பின் வலியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வந்தார். அவர் திரைக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். அந்தத் திரை நமக்கு எத்தனையோ அறுவைகளைச் சாத்தியமாக்கியது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தத் திரையை நாம் தூக்கிக்கொண்டே வார்டுக்குள் நடக்கிறோம். வலி என்றால் "அனஸ்தீஷியாவைக் கூப்பிடு" என்கிறோம்.

வலியை அடக்கக் கூடாது என்றுகூட நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். கடும் வயிற்று வலியோடு வருபவருக்கு, நோய் இன்னதென்று முடிவாகும்வரை மார்ஃபின் கொடுக்காதே, அறிகுறி மறைந்துவிடும் என்று 1921இல் ஸக்கரி கோப் எழுதிய புகழ்பெற்ற நூல் எச்சரித்தது. அன்று ஸ்கேன் இல்லை. மருத்துவரின் விரல்தான் எல்லாம். அந்தக் காலத்துக்கு அது நியாயமாக இருந்திருக்கலாம். பிறகு நடந்த ஆய்வுகள், 1990களில் வந்தவை உட்பட, வலியைக் குறைத்த பிறகும் நோயைச் சரியாகக் கண்டறியலாம் என்று காட்டிவிட்டன. ஆனாலும் நள்ளிரவு காஷுவல்ட்டியில் "சார் வந்து பாக்குறவரைக்கும் ஊசி போடாதீங்க சிஸ்டர்" என்ற குரல் ஓயவில்லை. பழக்கம் நூலைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு "சர்க்கரை ஏறினால் பார்த்துக்கொள்" என்று எழுதுகிறோமா? வேளைக்கு வேளை எழுதுகிறோம். வலிக்கு மட்டும் நோயாளி கேட்க வேண்டும், சிஸ்டர் நம்ப வேண்டும், அலமாரிச் சாவி கிடைக்க வேண்டும், ஊசி ஏற வேண்டும். அதற்குள் ஒரு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டி சொன்னது எளிது: முடிந்தவரை வாயால் கொடு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு, வலியின் அளவுக்கு ஏற்பப் படி ஏறு. சாதாரண வலி மாத்திரையிலிருந்து மார்ஃபின்வரை அந்தப் படிகள்.

மாணவர்களே, இதை எழுதிக்கொள்ளுங்கள். மார்ஃபின் மாத்திரையைப் பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லி கிராமில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்குவோம். தூங்கப் போகும்போது இரட்டை அளவு கொடுத்தால் நடு இரவில் எழுப்ப வேண்டாம். இடையில் வலி பீறிட்டால், ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுக்கலாம். சிறுநீரகம் கெட்டவருக்கும் மிக முதியவருக்கும் அளவும் இடைவெளியும் மாறும். முதல் மாத்திரை எழுதும்போதே மலச்சிக்கலுக்கான மருந்தையும் எழுதுங்கள். அதை மறந்தால் வலி தீர்ந்தவர் மலம் போகாமல் அவதிப்பட்டு மார்ஃபினையே வேண்டாம் என்பார். நரம்பு வலிக்கு, அதாவது எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற வலிக்கு, மார்ஃபின் மட்டும் போதாது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை வேண்டும். காலை எடுத்த பிறகு இல்லாத காலில் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது பிரமை என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். காலை எடுத்தவர் நீங்கள். அந்த வலியும் உங்கள் பொறுப்புதான்.

"பழகிடுமே டாக்டர்" என்பார்கள் வீட்டார். சில மருத்துவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வலிக்காக, அளந்து, கண்காணித்துக் கொடுக்கும் மார்ஃபினும் போதைக்காகத் தேடும் மார்ஃபினும் உடம்பில் ஒரே மருந்துதான்; வாழ்க்கையில் ஒன்றல்ல. அளவைப் படிப்படியாக ஏற்றினால் மூச்சு அடங்கிவிடும் என்ற பயத்துக்கும் பெரும்பாலும் இடமில்லை. அஜாக்கிரதையாகக் கொடுத்தால் ஆபத்து, அதனால்தான் பயிற்சி.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு வேதனை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அபின் செடி வளர்க்கிறார்கள். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் அந்த அபினைப் பதப்படுத்துகின்றன. உலகின் வலியைப் போக்க இந்திய அபின் கப்பலேறுகிறது. இங்கே நம் நோயாளி தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தலைத் தடுக்க வந்தது, மருந்தையும் பூட்டிவிட்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமானால் பல துறைகளின் பல உரிமங்கள். ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். மருத்துவமனைகள் வேண்டாம் இந்த வம்பு என்று நிறுத்திவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே தேறி வெளியே வந்தார்கள். நான் அந்தத் தலைமுறை.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியமானவை என்று வகைப்படுத்தப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை வாங்கி வைத்துக்கொள்ளலாம். இந்தத் திருத்தத்துக்காகப் பல்லாண்டு அலைந்தவர்களில் முதன்மையானவர் கோழிக்கோட்டு மயக்க மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். அங்கே 1993இல் வலி நிவாரணச் சங்கம் தொடங்கியவர். பூட்டைத் திறந்தாயிற்று. ஆனாலும் 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டபோது, உலகில் விநியோகமான சுமார் 299 டன் மார்ஃபின் வகை மருந்தில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 டன், அதாவது நூறு கிலோ. நம் நாட்டில் இன்றைய தடை சட்டப் புத்தகத்தைவிட அதிகமாக நம் பேனாவில் இருக்கிறது. எழுதத் தெரியாத கையில் மருந்து இருந்து என்ன பயன்?

மருந்துச்சீட்டோடு முடிகிற விஷயமும் அல்ல இது. ஒரு தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். மார்பகப் புற்று தோலைப் பிளந்து வெளியே வந்து புண்ணாகியிருந்தது. வாடை. வீட்டில் அவரைத் திண்ணையில் படுக்கவைத்திருந்தார்கள். வெறுப்பினால் அல்ல, யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பேத்தியைப் பக்கத்தில் விடுவதில்லை. என்னோடு வந்த ஆதரவு சிகிச்சைச் செவிலியர் செய்தது இவ்வளவுதான். பழைய துணிக்கட்டை உப்புநீர் ஊற்றி நனைத்து, ஊறவைத்து, பிய்த்து இழுக்காமல் எடுத்தார். அதற்கு அரை மணி முன்பே வலி மாத்திரை கொடுத்திருந்தார். உள்ளே புழு நெளிந்தது; டர்பன்டைன் நனைத்த துணியைப் புண்ணின் வாயில் வைத்து, வெளியே வந்தவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். மெட்ரனிடசோல் மாத்திரையை நுணுக்கிப் பொடியாக்கிப் புண்மேல் தூவினார். மகளுக்கும் அதைச் செய்யச் சொல்லித்தந்தார். திடீரென்று இரத்தம் பீறிட்டால் வெள்ளைத் துணி எடுக்காதே, கரும்பச்சையோ சிவப்போ எடு, அம்மா பார்த்துப் பயப்படக் கூடாது என்றார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. பேத்தி காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இதில் எது அறுவை மருத்துவம் இல்லை? புண்ணைப் பராமரிப்பதைவிடப் பழைய வேலை நமக்கு எது? ஆனால் எம்.எஸ். மூன்று ஆண்டில் மார்பகத்தை அகற்றும் விதங்களை நான் எத்தனை முறை ஒப்பித்தேன், இந்தப் பொடியைத் தூவ ஒருமுறையாவது யாராவது சொன்னார்களா? குடல் அடைத்து, அறுவைக்கும் வழியில்லாமல் வாந்தியில் கிடப்பவருக்கு மூக்கில் ரைல்ஸ் டியூபைப் போட்டுவிட்டு நாம் போய்விடுகிறோம். சுரப்பைக் குறைக்கும் மருந்தும் வாந்தியை அடக்கும் மருந்தும் கொடுத்து, தேவையானால் இரைப்பையிலிருந்து வயிற்றுத் தோல் வழியாக ஒரு வடிகுழாய் வைத்தால், மூக்குக் குழாய் இல்லாமல் அவர் ஒரு மிடறு மோர் குடித்து ருசி பார்க்கலாம்.

பேச்சுக்கு வருகிறேன். நம் துறையில் மிகக் கடினமான அறுவை அதுதான்.

குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் தம் இறைவனுக்கு உவமை தேடும்போது அறுவை மருத்துவனைத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஆயுதத்தால் காயப்படுத்தியவன் என்று தெரிந்தும் நோயாளி அவன்மேல் வைத்த அன்பு குறைவதில்லை என்பது அங்கே உவமை. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் நடுங்குவேன். அந்த அளவு நம்பிக்கையை நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். உடம்பைத் திறக்க இன்னொருவரை அனுமதிப்பது சின்னக் காரியம் இல்லை. அதனால்தான் அறுவை மருத்துவர் கட்டிலைத் தாண்டிப் போகும்போது, வேறு எந்த மருத்துவர் போவதைவிடவும் அது அதிகம் வலிக்கிறது.

என் சீஃப் இரக்கமற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழை நோயாளிக்குத் தம் பையிலிருந்து மருந்து வாங்கிக் கொடுத்தவர். பல ஆண்டு கழித்து, ஓய்வு பெற்ற பின் ஒருநாள் அந்தப் பெரியவரைப் பற்றி அவரிடம் கேட்டேன். நினைவிருந்தது. "அந்தக் கட்டில்கிட்ட வந்தா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாதுப்பா. எங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார். நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம்.

சொல்லித்தர முடியும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்கரெட் ஷ்வார்ஸ் என்ற அறுவை மருத்துவர் ஒரு முறையை உருவாக்கினார். ஒரு தாளில் செங்குத்தாக ஒரு கோடு. மேலே ஒரு நட்சத்திரம்: அறுவை செய்து எல்லாம் நன்றாக நடந்தால் இப்படி இருக்கும். கீழே ஒரு பெட்டி: மோசமாகப் போனால் இப்படி. நடுவில் எங்கோ ஒரு வட்டம்: பெரும்பாலும் நடக்கக்கூடியது இது. பக்கத்தில் இன்னொரு கோடு, அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று. சதவீதம் சொல்வதற்குப் பதில் கதையாகச் சொல்ல வேண்டும்: எத்தனை நாள் ஐ.சி.யூ., வீட்டுக்குப் போனால் தானாக எழுந்து நடப்பாரா, பேசுவாரா. அந்தத் தாளைக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட வேண்டும். எண்பது வயதில் குடல் வெடித்து வந்த ஒருவரின் மகன்களிடம் நள்ளிரவில் இதை வரைந்து பேசிப் பாருங்கள். "காப்பாத்த எல்லாத்தையும் செய்யுங்க" என்ற ஒரே வாக்கியம் மெல்ல மெல்ல, "அப்பாவுக்கு எது பிடிக்கும்?" என்ற பேச்சாக மாறும்.

நம் ஊருக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. "அவருகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு" என்று வாசலிலேயே மறிக்கும் மகள்கள். அவர்களை எதிரியாகப் பார்க்கக் கூடாது. அன்புதான் அப்படிப் பேசவைக்கிறது. "சொல்ல மாட்டேன் அம்மா. அவரே கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். முதலில் அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்கிறேன், நீங்களும் பக்கத்தில் இருங்கள்" என்று நான் சொல்வது வழக்கம். நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேருக்காவது முன்பே தெரிந்திருக்கும் என்பது என் அனுபவம். வீட்டார் தாங்க மாட்டார்கள் என்று அவர்கள் சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான வேலை என்று நினைக்கும் அறுவை மருத்துவர்களுக்கு ஒரு செய்தி. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இறப்பவர்களிடையே வேலை செய்தபோது, நீ மருத்துவம் படி, இறப்பவர்களைக் கைவிடுவது மருத்துவர்கள்தான் என்று சொல்லி அனுப்பியவர் நார்மன் பாரெட். உணவுக்குழாய் நோய் ஒன்றுக்குப் பெயர் தந்த அதே அறுவை மருத்துவர். சாண்டர்ஸ் 1967இல் இறப்பவர்களுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் திறந்தார். அங்கே 1973இல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1975இல் மான்ட்ரியல் மருத்துவமனை ஒன்றுக்குள் தனிப் பிரிவு தொடங்கி, பாலியேட்டிவ் கேர் என்ற பெயரையே வைத்தவர் பால்ஃபர் மவுன்ட். சிறுநீரக அறுவை மருத்துவர். நம் நாட்டின் முதல் காப்பகமான சாந்தி அவேத்னாவை 1986இல் மும்பையில் நிறுவிய லூயிஸ் டி சூசா, டாடா நினைவு மருத்துவமனையின் புற்று அறுவை மருத்துவர். பாரெட், மவுன்ட், டி சூசா மூவரும் நம் சாதி. அமெரிக்காவில் 2006இல் ஆதரவு சிகிச்சை தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டபோது அதில் சேர்ந்து கையெழுத்திட்ட துறைகளில் அறுவை மருத்துவமும் ஒன்று.

ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் செய்து 2010இல் வெளிவந்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சை பெற்றவர்கள் மனம் தெளிந்து இருந்ததோடு, இடைநிலைக் கணக்கில் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். ஆனால் குணமாகும் நம்பிக்கையோடு பெரிய புற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் நிபுணர் ஒருவரைத் தனியே அனுப்பிப் பார்த்த அமெரிக்க ஆய்வுகள், 2023இல் வெளியானவை, பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. நான் இதை மறைக்க விரும்பவில்லை. எனக்குப் புரிவது இது: எல்லோருக்கும் ஒரு நிபுணரை அனுப்பினால் தீராது. யாருக்கு, எப்போது தேவை என்று கண்டுகொள்ளும் கண் அறுவை மருத்துவருக்கே வேண்டும். அந்தக் கண்ணை வார்டில்தான் பழக்க முடியும்.

எப்படிப் பழக்குவது? இந்தியாவில் ஆதரவு சிகிச்சையில் எம்.டி. படிப்பு 2010இலேயே அங்கீகாரம் பெற்றது. 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் இது நுழைந்துவிட்டது. நடுவில் விடுபட்டு நிற்பது எம்.எஸ். மாணவர். தேர்வில் கேட்காததை மாணவர் படிக்க மாட்டார். அது அவர் குற்றமும் இல்லை. எனவே செய்முறைத் தேர்வில் ஒரு மேசை வையுங்கள். ஒரு மேசையில் எக்ஸ்ரே, ஒரு மேசையில் கருவிகள் இருப்பது போல, ஒரு மேசையில் ஒரு மகள் உட்கார்ந்திருக்கட்டும், "அப்பாவைத் திறந்து மூடிட்டீங்களாமே?" என்று கேட்கட்டும். குறிப்பேட்டில் பத்து குடலிறக்க அறுவைக்குப் பக்கத்தில் பத்து மார்ஃபின் சீட்டும் கையெழுத்தோடு இருக்கட்டும்.

மாதந்தோறும் மரணங்களை அலசும் கூட்டம் நடத்துகிறோம். ஏன் இறந்தார் என்று இரண்டு மணி நேரம் பேசுகிறோம். எப்படி இறந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கடைசி நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அவருக்கு வலி இருந்ததா, மூச்சுத் திணறலுக்கு என்ன கொடுத்தோம், வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாரா, கையில் கட்டிய சலைன் யாருக்காக ஓடியது? இந்த நான்கு கேள்வியைச் சேர்த்தால் போதும், ஒரு வருடத்தில் ஒரு துறையே மாறும்.

மூன்றாவது யோசனையை நான் ஓரளவு செய்து பார்த்திருக்கிறேன். முதுநிலை மாணவர்கள் இப்போது மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே ஆதரவு சிகிச்சைச் செவிலியர் போகிறார். அந்த மூன்று மாதத்தில் பதினைந்து நாள் அந்தச் செவிலியரின் பின்னால் போகட்டும். மருத்துவராக அல்ல, பை தூக்கிக்கொண்டு. நாம் வைத்த மலப்பை ஒழுகும்போது ஓலைக்குடிசையில் அதை எப்படி மாற்றுகிறார்கள், நாம் எழுதிய மாத்திரையை எழுதப் படிக்கத் தெரியாத மருமகள் எப்படி அடையாளம் வைத்துக் கொடுக்கிறாள் என்று பார்க்கட்டும்.

ஒரு மாணவரை அப்படி அனுப்பினேன். கெட்டிக்காரப் பையன், வேகமான கை. முகம் சுளித்துக்கொண்டுதான் போனான். அதுவரை அவன் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டுகளில் கடைசி வரி எல்லோரும் எழுதுவதுதான்: ஆதரவு சிகிச்சை பெற அறிவுறுத்தப்பட்டது. எங்கே, யாரிடம் என்று இருக்காது. பதினைந்து நாள் கழித்து வந்தவன் என்னிடம் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் வார்டில், அகற்ற முடியாத பித்தப்பைப் புற்றோடு வீட்டுக்குப் போகிற ஓர் அம்மாவின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எஸ்.ஓ.எஸ். இல்லை. வேளைக்கு வேளை மார்ஃபின், ஒவ்வொரு வேளைக்கும் சூரியனும் நிலாவும் கோழியும் படமாக வரைந்து. மலச்சிக்கல் மருந்து. அரிப்புக்குக் களிம்பு. அவர்கள் ஊருக்கு வரும் செவிலியரின் பெயரும் வரும் கிழமையும். அதற்குக் கீழே, கடைசி வரி இருக்க வேண்டிய இடத்தில், "ராத்திரியிலும் கூப்பிடலாம்" என்று தமிழில் எழுதி, தன்னுடைய செல்பேசி எண்ணைப் போட்டிருந்தான்.